பழைய டாக்ஸிக்கு முத்து கலர்

1976ஆம் வருடம் மே மாதம் 8ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. கொடியில் கிடந்த துண்டை அசைக்கும் அளவுக்குத்தான் அதற்குத் தெம்பு. கச்சான் என்று நாங்கள் சொல்லும் மேல்காற்று எழும்பிவிட்டால் தெருப்புழுதி பூராவும் வீட்டுக்குள் வந்துவிடும். அது பத்து மணிக்கு முன்னால் எழும்பாது என்று பக்கத்து வீட்டுத் தண்டல் உறுதியாகச் சொல்லியிருந்தார். ஆகவே என் கையில் நான்கு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தன. அதற்குள் என் காரின் நிறம் மாறியாக வேண்டும். மாறாவிட்டால் என் மனைவி அதில் ஏறமாட்டாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

அந்தக் காரை முந்தைய நவம்பரில் கயத்தாற்றில் ஒரு டாக்ஸிக்காரரிடம் நாலாயிரத்து இருநூறுக்கு வாங்கினேன். அக்காலத்தில் நம் சாலைகளில் ஓடிய மூன்று வகைக் கார்களில் குண்டானது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் நான் தலைமைக் குமாஸ்தா. சம்பளம் அறுநூற்று நாற்பது. புதுக்கார் வாங்க இரண்டு ஜென்மம் வேண்டும். டாக்ஸிக்காரர் பெர்மிட்டை ரத்து செய்து, மீட்டரைக் கழற்றி, எல்லாக் காகிதத்தையும் சரியாகவே மாற்றிக் கொடுத்தார். நிறத்தை மட்டும் மாற்றவில்லை. உடம்பு கறுப்பு, தலை மஞ்சள். மீட்டர் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை.

அதனால் என்ன என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வண்டியை நிறுத்த முடியாது. யாராவது கதவைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளையூரணி விலக்கில் ஒரு அம்மாள் இரண்டு ஓலைப்பெட்டிகளோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "கீழூருக்கு விடுப்பா, பேரம் பேசாத" என்றாள். இது டாக்ஸி இல்லை என்று நான் விளக்கியதற்கு, "அப்பம் எதுக்கு மஞ்சத் தொப்பி போட்டிருக்கே?" என்று கேட்டாள். அவளைக் கீழூரில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். காசு வாங்கவில்லை.

ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு என் மனைவியின் ஊருக்குப் போனோம். சாயர்புரத்தைத் தாண்டி நாலு மைல். கார் வாங்கியபின் பிறந்த வீட்டுக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை. பட்டுச் சேலை, முத்துக் கம்மல், மடியில் கேக் பெட்டி. அவளுடைய சித்தப்பா வாசலுக்கு ஓடிவந்தார். அவளைக் கைபிடித்து இறக்கினார். பிறகு என் பக்கம் வந்து, ஜன்னல் வழியாக ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை என் சட்டைப்பையில் செருகி, "சில்லறைய நீரே வச்சுக்கிடும்" என்றார்.

அவருக்குக் கண் மங்கல் என்பது உண்மை. அவர் பெரிய கேலிக்காரர் என்பதும் உண்மை. அது எதனால் நேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. வாசலில் நின்ற பதினொரு பேரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் வருகிறேன் என்று அடம்பிடித்தாள். இருட்டிவிடும் என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் காரில், அதுவும் பின் சீட்டில், ஏறினாள். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்:

"இந்த வண்டி இந்த நெறத்துல இருக்க வரைக்கும் நான் இதுல கால் வைக்க மாட்டேன். அசனத்துக்கும் பஸ்லதான் போவேன். ஒங்களுக்கு இஷ்டமிருந்தா நீங்க டாக்ஸில வாங்க."

அசனம் என்பது சர்ச்சில், எங்கள் பேச்சில் கோவிலில், ஊரே சேர்ந்து ஆக்கி, ஊரே வரிசையாக உட்கார்ந்து உண்ணும் விருந்து. அவள் ஊரில் அது மே 20ஆம் தேதி, வியாழக்கிழமை. கட்டிக்கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் வந்து சேரும் நாள். அன்றைக்கு அவள் பஸ்ஸில் வந்து இறங்கி, பின்னால் நான் காலி டாக்ஸியை ஓட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதுதானே நடந்துகொண்டிருந்தது. கோவிலுக்கு அவள் ரிக்‌ஷாவில் முன்னால் போவாள். நான் காரில் பின்னால் ஊர்ந்து போவேன். ரிக்‌ஷாக்காரர் ஒருநாள் திரும்பிப் பார்த்து, "அந்த டாக்ஸி நாலு வாரமா நம்ம பின்னாலயே வருதும்மா, போலீசுல சொல்லுவமா?" என்று கேட்டாராம்.

வொர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். எண்ணூற்று ஐம்பது ரூபாய் என்றார்கள். ஒரு மாதச் சம்பளமும் அதற்கு மேல் பத்து நாள் சம்பளமும். அதைவிட, பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கி பழுதாகிக் கிடப்பதால் இருபது நாளாகும் என்றார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். காரின் மேல் பரப்பை, கதவு கதவாக, டேப் வைத்து அளந்து, ஒரு லிட்டர் பெயிண்ட் எத்தனை சதுர அடி போகும் என்று டப்பாவில் அச்சடித்திருந்த எண்ணால் வகுத்து, இரண்டு கோட்டுக்கு நாலரை லிட்டர் என்று விடை வந்தது. பிரஷ்ஷால் நானே அடித்துவிடலாம். ஜன்னல் கதவுக்கு அடிக்கிறோம், அலமாரிக்கு அடிக்கிறோம், காருக்கு அடித்தால் என்ன?

தண்டலும் அதையேதான் சொன்னார். தோணியை நடத்திச் செல்பவரைத்தான் எங்கள் ஊரில் தண்டல் என்போம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோய் வந்த மனிதர். அவர் தோணி அப்போது பழுதுபார்ப்புக்காகக் கரையேறிக் கிடந்தது. தோணி கரையேறினால் தண்டலுக்குக் கையும் காலும் ஓயாது. எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். என் கார் அவருக்கு வாகாக அகப்பட்டது.

"தொண்ணூறு அடித் தோணிக்கு நான் நின்னு பூசிருக்கேன் அண்ணாச்சி. இது ஒரு அடுப்பங்கல்லு."

"என்ன கலர் வேணும்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"முத்து கலர்" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

கப்பல் சாமான் விற்கும் கடைக்கு நானும் தண்டலும் போனோம். கப்பல்களில் அடித்து மிச்சமாகும் பெயிண்ட் அங்கே மலிவு. கடைக்காரரிடம் முத்து கலர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கப்பலுக்கு யாரு அண்ணாச்சி முத்து கலர் அடிக்கா? வெள்ளை இருக்கு. சாம்பல் இருக்கு. துருவுக்குச் செவப்பு இருக்கு. என்ன வேணும்?"

"வெள்ளையே குடும். முத்து வெள்ளைதான?" என்றேன்.

தண்டலுக்கு வந்ததே கோபம். "யாரு சொன்னா முத்து வெள்ளைன்னு? எங்க அய்யா முத்துச் சலாபத்துல சிப்பிக்குக் குளிச்சவரு. நான் சிப்பிக் குவியலுக்குப் பக்கத்துல வளந்தவன். முத்து வெள்ளையில்ல அண்ணாச்சி. வெள்ளைக்குள்ள ஒரு சொட்டு மஞ்ச. அதுக்குள்ள அரைச் சொட்டு செவப்பு. எல்லாத்துக்கும் அடியில, நெழலு விழுந்த மாதிரி, ஒரு சாம்பல்."

கடைக்காரர் டப்பாவைத் துடைத்தபடி, "இது பெயிண்டா, கசாயமா?" என்றார்.

வெள்ளை லிட்டர் பத்தொன்பது ரூபாய். நாலரை லிட்டர் வேண்டும் என்று கணக்குச் சொன்னது. மூன்று லிட்டர் போதும் என்று என் கை சொன்னது. மூன்று வாங்கினேன். மஞ்சளையும் சிவப்பையும் சாம்பலையும் கடைக்காரர் தீப்பெட்டி டப்பி அளவுக்கு ஓசியாகவே கொடுத்தார். எங்களைச் சீக்கிரம் அனுப்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அதற்குப் பிறகு ஒன்பது சாயங்காலம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். ஊரைச் சுற்றி இவ்வளவு உப்பு விளைந்தும், நயமான உப்புத்தாள் மதுரையிலிருந்து வரவேண்டியிருக்கிறது என்று தண்டலிடம் அலுத்துக்கொண்டேன். மஞ்சளும் கறுப்பும் கலந்து தூளாகப் பறந்து எங்கள் தலையில் இறங்கியது. என் மனைவி ஒருநாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் டாக்ஸி மாதிரியே இருக்கிய" என்று சொல்லிப் போனாள். ஜனவரிக்குப் பிறகு கார் விஷயமாக அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. பள்ளங்களுக்குப் பட்டி வைத்தோம். சிவப்புத் துருப் பெயிண்ட் ஒரு கோட்டு அடித்தோம். அது காய்ந்த மூன்று நாளும் தெருவில் போகிறவர்கள் தபால் வண்டியா என்று கேட்டார்கள். டாக்ஸிக்கு அது தேவலாம்.

புழுதி விழாமல் இருக்க, தண்டல் தன் தோணியின் கிழிந்த பாயைக் கொண்டுவந்து முற்றத்தில் நான்கு கம்பு நட்டுக் கூடாரம் கட்டினார். தரையில் எட்டு வாளி தண்ணீர் தெளித்தோம். எங்கள் ஊரில் மே மாதத்தில் எட்டு வாளி என்பது சாதாரண விஷயமில்லை. அதைத் தெருவில் யாரும் பார்க்காதபடி தெளித்தேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக் காலைக்கு வருகிறேன். வெள்ளையில் மற்ற மூன்று நிறத்தையும் தண்டல் சொட்டு எண்ணிக் கலந்தார். எட்டே கால் மணிக்கு முதல் கோட்டு முடிந்தது. மேல்தகடு, முன்மூடி, வலதுபக்கக் கதவுகள் வரை இரண்டாவதும் ஆகிவிட்டது. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தேன். அடி தெரிந்தது. இடதுபக்கம் முழுவதும் பாக்கி. கடை திறப்பது பத்து மணிக்கு. பத்து மணிக்குக் கச்சான்.

"நாலரைன்னு நீங்கதான சொன்னிய?" என்றார் தண்டல்.

"சொன்னேன்."

"எம்புட்டு வாங்குனிய?"

நான் மூன்று விரலைக் காட்டினேன். அவர் கொஞ்சநேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு தன் வீட்டுக்குள் போய், குசினிக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய தகர டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுறா எண்ணெய். தோணியின் அடிப்பலகைக்குப் பூசுவதற்காக வாங்கி வைத்திருந்தது.

"இதக் கொஞ்சம் ஊத்தி இழுத்துவிடுவோம். பெயிண்டும் கூடும், துருவும் பிடிக்காது. என் தோணி முப்பது வருசமா கடல்ல கெடக்கு, ஒரு பலகை உக்கல."

"நாத்தம்?"

"காஞ்சா போயிரும்."

"விலை?"

"ஒங்ககிட்டயா வாங்கப் போறேன்?"

இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டதால் நான் எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. நாலாவது கேள்வி ஒன்று இருந்தது. அது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. தண்டலுக்கு வண்டி என்றால் தோணி. எனக்கு ஓசி என்றால் ஓசி.

எண்ணெயை ஊற்றிக் கலக்கினோம். பெயிண்ட் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. இடதுபக்கம் முடிந்தது. பாதிக் கார் ஒரு நிறமாகவும் பாதி வேறு நிறமாகவும் இருக்கக்கூடாதே என்று, மிஞ்சியதைக் கார் முழுவதும் இன்னொரு தடவை இழுத்தோம். ஒன்பது நாற்பதுக்குப் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அப்போது அது மிக அழகாக இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது. தண்டலின் முகமும், பின்னால் காப்பி கொண்டுவந்த என் மனைவியின் முகமும் தெரிந்தன.

அவள் சுற்றிவந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். "என்ன வாடை இது?"

"கடக்காத்து, தங்கச்சி" என்றார் தண்டல்.

ஞாயிற்றுக்கிழமை விரலை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. புதுப் பெயிண்ட் அப்படித்தான் இருக்கும். திங்கட்கிழமையும் ஒட்டியது. செவ்வாய்க்கிழமை காலையில் கூடாரத்துக்குள் நுழைந்தபோது ஏழு பூனைகள் இருந்தன. எங்கள் தெருவில் மொத்தமே நாலு பூனைதான். மற்ற மூன்றும் எந்தத் தெருவிலிருந்து வந்தன என்று தெரியவில்லை. காது கிழிந்த ஒரு கடுவன் பின்சக்கரத்துக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது. விரட்டினேன். அது நக்கிய இடத்தில் நாக்கு போன வரிகள் நெல்வயல்போல நின்றன.

என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"இப்பம் இது டாக்ஸி இல்ல. வாஸ்தவம்தான். கருவாட்டு வண்டி."

"காஞ்சா போயிருமாம்."

"எப்பம் காயும்? வியாழன் வருதுல்ல, அடுத்த வியாழன். நான் காலைல ஆறரை பஸ்சுக்குப் போறேன்."

தண்டலைக் கூப்பிட்டேன். அவர் வந்து காரை முகர்ந்தார், தடவினார், விரலை வேட்டியில் துடைத்தார்.

"தோணில மறுநாளே காஞ்சிருமே" என்றார்.

"தோணி மரம்வே! மரம் எண்ணெயக் குடிச்சிரும். இது தகரம். இது எங்கன குடிக்கும்?"

"அத மொதல்லயே சொல்லிருக்கணும்ல?"

"காரு தகரம்னு ஒமக்கு நான் சொல்லணுமாக்கும்?"

"நீங்க படிச்சவுக. சொன்னா என்ன?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் சிரித்தது அவர்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயிண்டைச் சுரண்டி மறுபடியும் அடிப்பதற்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கைவிட நாள்தான் இடித்தது. ஒன்பது நாள் இருந்தது. சுரண்டவே ஒன்பது நாள் வேண்டும்.

ஆபீசில் உட்கார்ந்து உப்பு மூட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. காய வைக்க என்ன வேண்டும்? வெயில். எங்கள் ஊரிலேயே வெயில் அதிகம் விழும் இடம் உப்பளம். மேலேயிருந்தும் அடிக்கும், கீழே வெள்ளையாகக் கிடக்கும் உப்பிலிருந்தும் அடிக்கும். பூனை கிடையாது. செம்மண் புழுதி கிடையாது. அளத்துக் கணக்குப்பிள்ளை எனக்குத் தெரிந்தவர். வியாழக்கிழமை லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் காரை அங்கே ஓட்டிப் போனேன். தெருமுனைவரை மூன்று பூனைகள் கூட வந்தன.

அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் தலைச்சுமையோடு நின்று பார்த்தார்கள்.

"ஏளா, காரக் காயப்போட வந்திருக்காவ பாரு!"

"அண்ணாச்சி, மறுபக்கம் எப்பம் திருப்பிப் போடுவிய?"

"வாடையப் பாத்தா நெத்திலி மாதிரி இருக்கு. சாயங்காலம் படி என்ன வெல?"

வரப்போரத்தில் வண்டியை நிறுத்தினேன். தண்டல் பாயைச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பதினொன்றரை வரை நன்றாகப் போனது. விரல் ஒட்டுவது குறைந்ததுபோல இருந்தது. அப்புறம் கச்சான் எழும்பியது.

உப்பளத்தில் செம்மண் புழுதி இல்லை என்று சொன்னேன். உப்பு இருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. உப்பைக் குவித்திருந்த அம்பாரத்தின் மேலிருந்து பொடி உப்பு வெள்ளைப் புகையாகக் கிளம்பி எங்களை நோக்கி வந்தது. "பாயப் போடும்! பாயப் போடும்!" என்று கத்தினேன். தண்டல் ஒரு முனையும் நான் ஒரு முனையும் பிடித்துக் காருக்கு மேலே விரித்தோம். அது பாய். காற்றைப் பிடிப்பதற்காகத் தைத்தது. பிடித்தது. என் கால் தரையில் இல்லை என்பதை இரண்டு அடி தூரம் போன பிறகுதான் உணர்ந்தேன். தண்டலோ பழக்க தோஷத்தில், "இழுத்துக் கட்டுலே! அங்கன பிடி!" என்று, அங்கே இல்லாத தன் ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். நான் கையை விட்டுவிட்டேன். பாய் கிழிந்துகொண்டே பறந்துபோய் ஒரு உப்பு அம்பாரத்தின் மேல் விழுந்து அதை அழகாக மூடியது. பெண்கள் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

காரைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை உப்பு. வறுத்த கடலைக்கு உப்புத் தூவியதுபோலப் பரவலாக, விடாமல் ஒட்டியிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். உப்பும் தகரமும் சேர்ந்தால் எத்தனை மாதத்தில் ஓட்டை விழும் என்று எண்ணத் தொடங்கினேன். தண்டல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கருவாட்டுக்கு உப்பு வேணும்ல அண்ணாச்சி" என்றார்.

இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இனிக் கெடுவதற்கு எதுவும் இல்லை என்றால் மனிதனுக்கு ஒரு நிம்மதி வருகிறது.

துடைத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும் என்பதால் அப்படியே விட்டோம். வெள்ளியும் சனியும் காரை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் விரல் ஒட்டவில்லை. அழுத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, அஞ்சு குடம் தண்ணீரை ஒவ்வொரு செம்பாக ஊற்றிக் கழுவினேன். உப்பு கரைந்து ஓடியது. உப்பு இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊசிமுனைக் குழிகள். அதனால் முன்பிருந்த பளபளப்பு போய்விட்டது. முகம் தெரியவில்லை. பதிலாக, உள்ளேயிருந்து வருவதுபோல ஒரு மெல்லிய வெளிச்சம். வெள்ளை, எண்ணெயோடு வெயிலில் கிடந்து ஒரு சாயல் மஞ்சளாகியிருந்தது. அடிச் சிவப்பு லேசாக எழும்பித் தெரிந்தது. அது எனக்குப் பிடித்திருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. கழுவிய செம்போடு நின்றேன்.

என் மனைவி படியிறங்கி வந்தாள். இடது காதிலிருந்து முத்துக் கம்மலைக் கழற்றி முன்மூடியின் மேல் வைத்தாள். குனிந்து பார்த்தாள். கம்மலை அரையடி தள்ளி வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க. முத்து எங்கன இருக்குன்னு தெரியுதா?"

நான் பார்த்தேன். தங்கக் கம்பி தெரிந்தது. முத்து தெரியவில்லை.

"எந்தக் கடையில வாங்குனிய இந்தக் கலர?"

பதில் சொல்லும் முன் காற்று திரும்பியது. அவள் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தண்டலின் தலை எழும்பியது.

"தங்கச்சி, சலாபம் பாத்திருக்கியா? சிப்பிய எடுத்ததும் முத்து கிட்டாது. குமிச்சுப் போட்டு அழுகவிடணும். பத்து நாளைக்குக் கடற்கரைப் பக்கம் சோறு எறங்காது. ஊரே மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் முத்தெடுக்கும். நாத்தமில்லாம முத்து இல்லம்மா. ஒன் காதுல கெடக்கே, அதுவும் நாறிக் கெடந்ததுதான்."

அவள் கம்மலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மெதுவாக முகர்ந்து பார்த்தாள். தலைப்புக்குள் சிரிக்கத் தொடங்கியவள், மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வாடைக்கு நீங்க எதாவது செய்யுங்க" என்றாள் என்னிடம். "ஆனா நான் முன் சீட்டுலதான் உக்காருவேன்."

ஆறு ரூபாய் இருபத்தைந்து பைசாவுக்கு ஒரு குப்பி யூடிகோலன் வாங்கினேன். பாதியைச் சீட்டில் தெளித்தேன், பாதியை அவள் கைக்குட்டையில் தெளித்துக்கொண்டாள்.

இருபதாம் தேதி காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பட்டுச் சேலை, முத்துக் கம்மல், முன் சீட்டு. நாலு ஜன்னலும் திறந்திருந்தன. வழியில் ஒருவர்கூடக் கை காட்டவில்லை. நான் ஒவ்வொரு விலக்கிலும் பார்த்துக்கொண்டே வந்தேன். பழக்கம் விட்டுப்போனதால் ஒரு நிறுத்தத்தில் எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

சித்தப்பா வாசலில் நின்றார். காரை இரண்டு தடவை சுற்றிவந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூக்கு மட்டும் நன்றாகவே வேலை செய்தது.

"மருமவனே, டாக்ஸிய விட்டுட்டு மீன் ஏத்துதீரா இப்பம்?"

அக்கா தங்கை, சித்தி, மதினி எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் கை சட்டைப்பைக்குப் போனது. ஐந்து ரூபாய் நோட்டு வெளியே வந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். என் மனைவி தானே கதவைத் திறந்து இறங்கி, சேலையை நீவிவிட்டுக்கொண்டு, அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சித்தப்பா, அஞ்சு ரூவா அந்த டாக்ஸிக்கு. இது முத்து கலர். பத்து குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சித்தப்பா இன்னொரு நோட்டை எடுத்து முந்தைய நோட்டோடு சேர்த்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, காரைச் சுற்றிக் காட்டுவதற்கு அக்காவைக் கைபிடித்து அழைத்துப் போனாள். அசனம் முடிந்து நாங்கள் திரும்பும்போது அந்த ஊர்ப் பூனைகள் ஐந்து காருக்கு அடியில் படுத்திருந்தன. அவளே இறங்கி அவற்றை எழுப்பிவிட்டு, மறுபடியும் முன் சீட்டில் ஏறினாள்.

வெள்ளைப் பெயிண்ட், துருப் பெயிண்ட், பட்டி, உப்புத்தாள் முப்பது, பிரஷ் இரண்டு, டர்பன்டைன், சோப்பு, உப்பளத்துக்கு மூன்று நாள் போய்வந்த பெட்ரோல், தண்டலின் பாய்க்கு ஒட்டுப் போட்ட கூலி, யூடிகோலன் எல்லாம் சேர்த்து நூற்று ஐம்பத்து நாலு ரூபாய் ஐம்பது பைசா. சித்தப்பா ஜனவரியில் என் பையில் வைத்த ஐந்து ரூபாயைக் கழித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. மே மாதத்துப் பத்து ரூபாயையும் கழிக்கலாம் என்று பார்த்தேன். அதைக் கேட்கும்போதெல்லாம், "அது என் வாடகை" என்று சொல்லிவிடுவாள் என் மனைவி. ஆகவே எனக்கு ஆன செலவு நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் ஐம்பது பைசா.